சாலை விலகிய ஊர்

நுழையும்முன்

‘ஊருக்குள் போகாது, புறவழிச்சாலையில் போகும்’ என்று பேருந்து நடத்துநர் கூறக் கேட்டிருப்போம். பயணிக்கு அதனால் நேரம் மிச்சம். ஊருக்குள் சாலையோரம் தேநீர்க்கடை வைத்திருப்பவருக்கு அதனால் என்ன நேர்கிறது? நெடுஞ்சாலை விலகிச் சென்றபின் தம் கடைத்தெருவை மீட்டெடுக்க முனைந்த அமெரிக்கச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றி இப்பாடம் பேசுகிறது.

அன்னைச் சாலை

அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு 1926ஆம் ஆண்டு எண்கள் இடப்பட்டபோது, சிகாகோ நகரிலிருந்து கலிபோர்னியாவை நோக்கிச் சென்ற வழிக்கு 66 என்னும் எண் கிடைத்தது. எட்டு மாநிலங்களைக் கடந்து ஏறத்தாழ 3,900 கி.மீ. நீண்ட அச்சாலை, ஊர்களைத் தவிர்த்துச் செல்லவில்லை. தேடிச் சென்று தொட்டது. பல சிற்றூர்களில் கடைத்தெருவும் நெடுஞ்சாலையும் ஒன்றே. உணவகம், விடுதி, எரிபொருள் நிலையம், பழுது நீக்கும் பட்டறை என அனைத்தும் சாலையைப் பார்த்தே வாசல் வைத்தன. 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் நிலத்தைப் பாழாக்கியபோது பிழைப்புத் தேடி மேற்கே சென்ற உழவர் குடும்பங்கள் இவ்வழியே சென்றன. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், 1939இல் வெளியான தம் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ புதினத்தில் இதனை ‘அன்னைச் சாலை’ எனக் குறித்தார். பெயர் நிலைத்துவிட்டது.

அன்னைக்கு மற்றொரு முகமும் உண்டு. குறுகிய இருவழிப் பாதையில் சரக்குந்துகளும் மகிழுந்துகளும் எதிரெதிரே விரைந்தமையால் விபத்துகள் மலிந்தன. ‘குருதி படிந்த 66’ என்று மக்களே அதற்குப் பெயரிட்டனர். எனவே புதிய சாலை வேண்டும் என்று கேட்டவர்களை ஊர்ப்பகைவர் என்று கொள்ளுதல் தகாது.

1956ஆம் ஆண்டு அதிபர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டம், மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளுக்கு வழிவகுத்தது. இச்சாலைகளின் இயல்பை நாம் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் எவரும் கடை திறந்து வாசல் வைக்க இயலாது. நினைத்த இடத்தில் நுழையவும் வெளியேறவும் இயலாது. குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே இறங்குவழிகள் உண்டு. பழைய சாலையில் பசித்தவுடன் வண்டியை நிறுத்தலாம். புதிய சாலையிலோ, நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். அந்தச் சிறு வேறுபாட்டில்தான் நூற்றுக்கணக்கான கடைத்தெருக்களின் வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது.

செலிக்மன்

அரிசோனா மாநிலத்தில் உள்ள செலிக்மன், இருப்புப்பாதையால் பிறந்த ஊர். இன்றும் அது ஒரு சிற்றூரே. 1978 செப்டம்பர் 22 அன்று, ஊருக்குத் தெற்கே 40ஆம் எண் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. அதுவரை பகலும் இரவும் ஊர் நடுவே ஓடிய வண்டிகள் அன்றே நின்றுபோயின. சில ஆண்டுகளில் இருப்புப்பாதை நிறுவனமும் அவ்வூரில் தன் பணிகளை முடித்துக்கொண்டது. 1985இல் 66ஆம் எண்ணே அரசுப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. இளையோர் வேலை தேடி வெளியேறினர்.

அவ்வூரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்காடியோ. 1927இல் அங்கேயே பிறந்தவர். தந்தையும் அதே தொழிலர். முடிதிருத்தகம் என்பது ஊர்ச் செய்தி அனைத்தும் வந்து சேரும் இடம் அன்றோ? யார் கடையை மூடுகிறார், யார் வீட்டை விற்கிறார் என்பதெல்லாம் அந்நாற்காலியில்தான் முதலில் பேசப்பட்டிருக்கும். ஊரைக் காக்க யாரேனும் வருவர் என்று சில ஆண்டுகள் காத்திருந்தபின், எவரும் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

அவர் கேட்டது புதிய சாலையை மூடுமாறு அன்று, இழப்பீடும் அன்று. பழைய சாலைக்கு ‘வரலாற்றுச் சாலை’ என்னும் தகுதியை மாநில அரசு அளிக்க வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. 1987 பிப்ரவரியில் அண்டை ஊரினரையும் அழைத்துச் செலிக்மன் உணவகம் ஒன்றில் கூட்டம் நடத்தினார். வந்தவர் சிலரே. அவர்கள் அமைத்த ‘அரிசோனா வரலாற்று 66ஆம் நெடுஞ்சாலைச் சங்கம்’ அரசுக்கு இடையறாது மடல் எழுதியது. அவ்வாண்டு முடிவதற்குள் செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் இடைப்பட்ட பழைய சாலை வரலாற்றுச் சாலையாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்றைச் சங்கம் நடத்தியது. அது இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஏனைய மாநிலங்களிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றின. 1999இல் இச்சாலையின் பழைய இடங்களைப் பேணுவதற்கென நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கோரிக்கையில் கூர்ந்த திட்டம் ஒன்று அடங்கியுள்ளது. விரைவாகச் செல்ல விரும்புபவர் புதிய சாலையில் செல்லட்டும். மெதுவாகச் செல்ல விரும்புபவருக்குச் செலிக்மன் ஒரு காரணத்தைத் தரும். வழியில் இருந்த ஊர், செல்லும் இடமாகவே மாறியது. ஏஞ்சலின் தமையன் வான் 1953இல் கட்டிய ‘ஸ்னோ கேப்’ உணவகம் இதற்கு நல்ல சான்று. இருப்புப்பாதைப் பணிமனையில் கழித்துவிட்ட மரங்களைக்கொண்டு அவர் அதைக் கட்டினார். அதன் கதவில் இரண்டு கைப்பிடிகள். ஒன்று பொய்க் கைப்பிடி. வந்தவர் திணறுவதைக் கண்டு உள்ளிருப்போர் நகைப்பர். அந்த நகைப்பை எந்த விரைவுச் சாலை உணவகத்திலும் விலைக்கு வாங்க இயலாது.

மூன்று ஊர்களின் ஆய்வு

செலிக்மனுக்குப் பத்தாண்டுகள் முன்பே, நாடு தழுவிய வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. வரலாற்றுச் சின்னங்களைப் பேணும் தேசிய அறக்கட்டளை 1977இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. இவ்வகை ஊர்களின் சிக்கல் சற்று வேறானது. புறநகரில், நெடுஞ்சாலை ஓரத்தில், பரந்த வண்டி நிறுத்தும் இடத்துடன் பேரங்காடிகள் எழுந்தன. வாங்குவோர் அங்குச் சென்றுவிட, பழைய கடைத்தெரு வெறிச்சோடியது. அஞ்சிய வணிகர் பலர், தம் செங்கல் கட்டடங்களின் முகப்பை அலுமினியத் தகடுகளால் மூடிப் புதுமைத் தோற்றம் தர முயன்றனர். பேரங்காடியைப் போலத் தோன்றினால் பிழைத்துவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். தன்னிடம் மட்டும் உள்ளதை மறைத்து, பிறரிடம் மிகுதியாக உள்ளதைப் போலியாகக் காட்டும் வணிகம் எவ்வாறு வெல்லும்?

ஒவ்வோர் ஊருக்கும் மேலாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர் தலைநகரில் அமர்ந்து வரைபடம் தீட்டவில்லை. அவ்வூரிலேயே தங்கிக் கடை கடையாக ஏறி இறங்கினார். நான்கு பணிகள் ஒருங்கே நடைபெற வேண்டும் என்பது அம்முயற்சியில் உருவான நெறி. வணிகரையும் வங்கியையும் ஊராட்சியையும் ஓர் அமைப்பில் இணைத்தல் முதலாவது. தகடுகளை அகற்றிப் பழைய முகப்பைச் செப்பனிடுதல் இரண்டாவது. விழாக்களாலும் விளம்பரத்தாலும் மக்களைத் தெருவுக்கு மீண்டும் அழைத்தல் மூன்றாவது. எந்தக் கடை அங்குப் பிழைக்கும், காலியாகக் கிடக்கும் மேல்மாடியில் யாரைக் குடியமர்த்தலாம் என்று கணக்கிடுதல் நான்காவது. கடினமானது முதற்பணியே எனலாம். அடுத்தடுத்த கடைக்காரர் இருவரை ஒரே நேரத்தில் கடை திறக்கச் செய்வதைவிடச் சுவருக்கு வண்ணம் பூசுதல் எளிது.

இதுகாறும் 2,000க்கும் மேற்பட்ட ஊர்கள் இந்நெறியைக் கைக்கொண்டுள்ளன. ஆயினும், கடைத்தெருவே மாநில நெடுஞ்சாலையாக உள்ள ஊர்களில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. தெரு ஊராருடையது, சாலையோ மாநிலப் போக்குவரத்துத் துறையினுடையது. நடைபாதையை அகலமாக்கவும், வண்டிகளைச் சாய்வாக நிறுத்த இடமளிக்கவும், வேகத்தைக் குறைக்கவும் அத்துறையின் இசைவு தேவை. பொறியாளர் வண்டிகள் தடையின்றிச் செல்வதை நோக்குகிறார்; கடைக்காரர் அவை நிற்பதை விரும்புகிறார். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஆகவேதான் ஊர்த் திட்டக் கூட்டங்களில் இருவரும் ஒரே மேசையில் அமர வேண்டியுள்ளது.

மீட்கப்பட்டதும் மீளாததும்

செலிக்மனில் இன்று நினைவுப் பொருள் கடைகள் மிகுதி. ஏஞ்சலின் முடிதிருத்தகமும் பயணிகள் கூடும் இடமாயிற்று. ‘கார்ஸ்’ என்னும் இயங்குபடத்தை (2006) உருவாக்கிய ஜான் லாசெட்டர் அவரைச் சந்தித்து உரையாடினார். சாலை விலகியதால் நலிந்த ஊரே அப்படத்தின் கதைக்களம். எனினும் ஊரின் மக்கள்தொகை பெருகிவிடவில்லை. மீட்சி வேறு, வளர்ச்சி வேறு. இதைப் பிரித்தறியாமல் திட்டம் தீட்டும் ஊர்கள் ஏமாற்றம் அடைகின்றன.

செலிக்மனுக்கு வாய்ப்பாக அமைந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். விரைவுச் சாலை அதன் எல்லையை ஒட்டியே செல்கிறது, இறங்குவழியும் உண்டு. அங்கிருந்து பழைய சாலை வடக்கே வளைந்து செல்ல, புதிய சாலை தெற்கே விலகுகிறது. அவ்வளைவில் உள்ள பீச் ஸ்பிரிங்ஸ், வாலபாய்த் தொல்குடியினரின் தலைமையிடம். ட்ரக்ஸ்டன், ஹேக்பெரி ஆகியனவும் அவ்வழியில் உள்ளவை. சங்கம் பெற்ற அறிவிப்பு இவற்றுக்கும் உரியதே. ஆயினும் விரைவுச் சாலையில் செல்பவர் கண்ணில் இவை படுவதில்லை.

பழைய நாளின் இனிமையைப் பேசும் பதாகைகள் சொல்லாத செய்தியும் ஒன்றுண்டு. அந்நாளில் இச்சாலையோரத்து விடுதிகள் பலவற்றில் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. அவர்கள் எங்குத் தங்கலாம், எங்கு உண்ணலாம் என்பதைத் தெரிவிக்கும் ‘பசுமை நூல்’ என்னும் கையேட்டை 1936 முதல் விக்டர் ஹியூகோ கிரீன் என்பவர் வெளியிட்டார். கடைத்தெருவைப் பழைய நிலைக்கு மீட்போம் என்னும் முழக்கத்தைக் கேட்கும்போது, அந்தப் பழைய தெருவில் யாருக்கெல்லாம் இடம் இருந்தது என்றும் திட்டக் கூட்டத்தில் எவரேனும் கேட்டாக வேண்டும்.

கற்பவை கற்றபின்

புறவழிச்சாலை அமைந்த ஊர் ஒன்றின் கடைக்காரர் மூவரைச் சந்தித்து, சாலை விலகுவதற்கு முன்னும் பின்னும் தம் வணிகம் எவ்வாறு இருந்தது எனக் கேட்டு எழுதுக.

‘எங்கள் ஊருக்குப் புறவழிச்சாலை வேண்டும் / வேண்டா’ – ஊர்க் கூட்டத்தில் வணிகர், சாலைப் பொறியாளர், பள்ளி மாணவர், சரக்குந்து ஓட்டுநர் ஆகியோர் பேசுவதாக உரையாடல் அமைக்க.