வீட்டு வரி ரசீதில் ஒரு சதவீதப் பாடம்

எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது ஓட்டப்பிடாரத்து வீடுகளில் இருக்கும் வரி ரசீதையே நான் எடுத்துக்கொள்கிறேன். பெயரையும் கதவு எண்ணையும் மறைத்துக் கொண்டுவரச் சொல்வேன். பல ரசீதுகள் தாத்தா, ஆச்சி பெயரில்தான் இருக்கும். "சம்பாத்தியம் நின்ற பிறகும் ஆச்சி வரி கட்டணுமா சார்?" என்ற கேள்வி தானாக வரும்.

அப்போது கலிபோர்னியாவைச் சொல்வேன். அங்கே வீட்டு விலையோடு வரியும் ஏற, ஓய்வுபெற்றோர் திணறினர். 1978 ஜூன் 6 அன்று வாக்காளர்களே வாக்களித்து 13-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினர். வரி, மதிப்பில் 1 சதவீதம். கைமாறாத வீட்டின் வரிமதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது.

கரும்பலகையில் கணக்கு: 10 லட்சம் ரூபாய் வீடு பத்தாண்டில் 20 லட்சம் ஆகிறது. வரிமதிப்போ, கூட்டுவட்டி போல் ஏறினாலும், சுமார் 12.19 லட்சம்தான். ஆச்சிக்கு வரி 12,190 ரூபாய். பக்கத்தில் அதேபோன்ற வீட்டை இன்று வாங்கியவருக்கு 20,000. இது நியாயமா? வகுப்பு இங்கே இரண்டாகப் பிரியும்; ஒரு பாடவேளை போனாலும் போகட்டும். அங்கே பள்ளிகள் சொத்து வரியை நம்பியிருந்தன, அந்த வருவாய் பாதிக்கும் மேல் சரிந்தது, மாநில அரசு கைகொடுக்க வேண்டியதாயிற்று என்பதை விவாதம் சூடான பிறகு சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் பிள்ளைகள் நம் முகம் பார்த்துப் பதில் சொல்வார்கள்.

நம்மிடம் வரிக்கு வாக்கெடுப்பு இல்லை. கேள்வி கேட்கும் இடம் கிராம சபை; ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர். அக்டோபர் 2 கூட்டத்துக்கு ஆச்சியோடு அனுப்பி, வரிப்பணத்தில் தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.