பாலும் பசையும் ஏடும்: பினாங்கில் விடுமுறைக் கைவினைப் பயிற்சி



மேலைநாடுகளில் கோடை விடுமுறை வந்துவிட்டால், பெரியவர்களும் சிறுவர்களும் கைவினைப் பட்டறைகளுக்குச் சென்று சில நாள் இருந்து தொழில் கற்பது வழக்கம். ஏடு தைத்தல், தாள் செய்தல், துணியும் இலையும் வண்ணமும் சேர்த்துப் படம் அமைத்தல் ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. நம் நாட்டில் கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லை. நமக்கு உள்ளவை பள்ளி விடுமுறையும், ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலையுதிர்த்துப் பால் குறையும் காலமுமே ஆகும். அந்நாள்களில் கைக்கு ஏதேனும் ஒரு புதிய வேலையைக் கற்பித்தால் என்ன என்னும் எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பட்டர்வொர்த்தில் பெரியில் ஏறினால் சிறிது நேரத்தில் ஜார்ஜ்டவுன் கரையை அடையலாம். மலாக்காவுடன் சேர்த்து 2008ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நகரம் அது. அச்சுத் தொழிலுக்கும் அது பழைய ஊர். 1806ஆம் ஆண்டிலேயே அங்கு ஆங்கிலச் செய்தித்தாள் வெளிவந்தது. 1883ஆம் ஆண்டில் நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை அங்கிருந்து நடத்தினார். இன்று அந்நகரில் பழைய கட்டடங்கள் சில கலைக்கூடங்களாக மாறியுள்ளன. ஜாலான் குருத்வாராவில், ஹின் பேருந்து நிறுவனத்தின் பணிமனையாக இருந்த இடம் 2014ஆம் ஆண்டு முதல் ஓவியக் காட்சிகளுக்கும் கைவினை நிகழ்ச்சிகளுக்கும் உரிய கூடமாக விளங்குகிறது. இத்தகைய கூடங்களில் ஒருநாள், இருநாள் பட்டறைகள் நடப்பதுண்டு. கட்டணம் சிலவேளை ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே, ஒரு தோட்டத்திலிருந்து ஒருவரை அனுப்பி, அவர் கற்று வந்ததை மற்றவர்கள் பிரட்டுக்களத்துக் கொட்டகையிலோ கோவில் மண்டபத்திலோ கற்றுக்கொள்வதே நம் நிலைக்கு ஏற்றது.

'ஏடு தைப்பது நமக்கெதற்கு? அது பள்ளி ஆசிரியர்களின் வேலையன்றோ?' என்று சிலர் கேட்கலாம். நம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றையே இதற்கு விடையாகக் கூறுகிறோம். நம் தந்தையார் தம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் பள்ளிச் சான்றுகளையும் ஒன்றாக மடித்து, இரப்பர் வளையம் ஒன்றை இறுக்கமாக இட்டு, தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, அவ்வளையம் உருகிப் பிசினாகித் தாளோடு தாளாக ஒட்டியிருந்தது. பிரிக்க முயன்றபோது ஒரு பத்திரத்தின் எண் இருந்த மூலை கிழிந்து வந்துவிட்டது. பால் வெட்டியே பிழைத்த குடும்பத்தின் பத்திரத்தை அழித்ததும் அந்தப் பாலே! பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டைக்கு அலைந்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் இயலாமல் தவித்த குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் இருந்தன என்பதை நாம் அறிவோம். ஒரு தாளைக் காக்கத் தெரிவது சிறிய வித்தை அன்று.

இரப்பர் ஏன் இவ்வாறு கெடுகிறது? காற்றிலுள்ள உயிர்வளியும் வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்து அதன் நீண்ட இழைகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகின்றன. முதலில் அது பிசுபிசுக்கும்; பின்னர்ப் பழுப்பு நிறமாகி நொறுங்கும். மரத்தடியில் மறந்துவிட்ட ஒட்டுப்பாலைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும் புத்தகம் கட்டுவோர் இதைப் பெருஞ்செலவு செய்தே கற்றுக்கொண்டனர். இங்கிலாந்தில் வில்லியம் ஹான்காக் என்பவர் 1836ஆம் ஆண்டில் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். தாள்களைத் தைக்காமல், ஒற்றை ஒற்றையாக வெட்டி அடுக்கி, முதுகுப்புறத்தில் இரப்பர்க் கரைசலைப் பூசி ஒட்டுவதே அம்முறை. நூல் இல்லை, ஊசி இல்லை, வேலையும் விரைவு. புத்தகமும் மேசைமேல் தட்டையாக விரிந்து கிடந்தது. ஆதலால் பெரிய படப் புத்தகங்கள் பல அவ்வாறு கட்டப்பட்டன. சில பத்தாண்டுகளில் அந்த இரப்பர் காய்ந்து நொறுங்க, விலையுயர்ந்த நூல்களெல்லாம் இலையுதிர்கால மரம்போல ஏடு ஏடாக உதிர்ந்தன. அந்த இரப்பர் நம் நாட்டுப் பால் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். நம் பகுதிக்கு இரப்பர்க் கன்றுகள் வந்தது 1877ஆம் ஆண்டில்தான்.

எனவே, பட்டறையில் முதற்பாடமாகக் கூறப்படுவது இதுவே: நெடுநாள் இருக்க வேண்டிய தாளில் இரப்பர்ப் பசையோ, இரப்பர் வளையமோ, செலோடேப்போ படக்கூடாது. செலோடேப்பின் பசையும் பழுப்பேறித் தாளுக்குள் ஊறிவிடும். பத்திரத்தை இரு பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே வைத்துச் சூடேற்றி ஒட்டிவிடும் பழக்கமும் தவறானது. ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. மூலப் பத்திரத்தில் துளையிடுவதும் தைப்பதும் கூடாது. ஏற்கெனவே கிழிந்துவிட்ட பத்திரத்தை வீட்டில் ஒட்டிச் சரிசெய்ய முயலாமல், தேசியப் பதிவிலாகாவில் அதன் மறுபடிக்கு விண்ணப்பிப்பதே முறை.

நல்ல நிலையிலுள்ள பத்திரத்திற்குப் பசையே வேண்டாத ஓர் உறை உண்டு. சற்றுத் தடித்த வெள்ளைத் தாளைச் சிலுவை வடிவில் வெட்டுங்கள். நடுப்பகுதி பத்திரத்தைவிட அரை விரல் அகலம் பெரிதாக இருக்கட்டும். பத்திரத்தை நடுவில் வைத்து, மேல், கீழ், இடம், வலம் என நான்கு மடல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டினால் போதும். நம் முன்னோர் ஓலைச்சுவடியைக் கட்டியதும் இவ்வாறுதான்: மேலும் கீழும் மரச்சட்டம், துளை வழியே கயிறு, சுற்றிலும் துணி. அவர்கள் அதில் பசை தேடவில்லை.

அடுத்தது தையல். மூன்று துளைத் தையல் என்பது எல்லாவற்றிலும் எளிது. பத்து வயதுப் பிள்ளைக்கும் வரும். ஐந்து தாள்களை ஒன்றாக நடுவில் மடித்தால் இருபது பக்கம் கிடைக்கும். மடிக்குமுன் தாளை இருபுறமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் போக்கிலேயே மடிப்பு விழ வேண்டும். மரப்பட்டையின் போக்கறிந்து வெட்டும் கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மடிப்பை அழுத்த மேலைநாட்டார் எலும்புச் சில்லு வைத்திருக்கின்றனர். வழவழப்பான மூங்கில் சிம்பு அதே வேலையைச் செய்யும்.

மடிப்பின் நடுவில் ஒரு துளை, மேலும் கீழும் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒவ்வொரு துளை எனக் குத்தூசியால் இடுங்கள். பருத்தி நூலை மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே ஊசி வெளியே வரட்டும். நூலின் வால் உள்ளே நீண்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து மேல் துளைக்குள் நுழைத்து, உட்புறமாக நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளையில் வெளியேற்றி, மறுபடியும் நடுத்துளை வழியே உள்ளே கொண்டுவாருங்கள். இப்போது நூலின் இரு முனைகளும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீண்ட நூலுக்கு அந்தப்பக்கம் ஒன்றும் இந்தப்பக்கம் ஒன்றுமாக அவற்றை வைத்து முடிச்சிட்டால் ஏடு முடிந்தது. நூலை மேலே தூக்கி இழுத்தால் தாள் கிழியும். மடிப்பின் போக்கிலேயே இழுக்க வேண்டும். நாம் கற்கச் சென்ற நாளில் முதல் இரண்டு ஏடுகளையும் இவ்வாறுதான் கிழித்தோம்.

மேலட்டைக்கு மட்டும் பசை வேண்டும். கோதுமை மாவையோ மரவள்ளி மாவையோ தண்ணீரில் கரைத்து, இளந்தீயில் கிளறிக் கஞ்சி பதத்தில் இறக்கி ஆறவிடுங்கள். இப்பசைக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. பிற்காலத்தில் ஈரம் காட்டினால் இளகிவிடும். தவறாக ஒட்டியதைத் திருத்தலாம். இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அதை விரும்பி உண்ணும் என்பதே அதன் குறை. பழைய கட்டுநர்கள் பூச்சிக்கு அஞ்சி மயில்துத்தம் கலந்தனர். அது நஞ்சு, தாளுக்கும் தீங்கு செய்யும். வேண்டியபோது சிறிதளவு காய்ச்சிக்கொண்டு, ஏட்டை ஈரமில்லா இடத்தில் வைத்து, அடிக்கடி எடுத்துப் புரட்டுவது நல்லது.

அட்டையின் அழகில்தான் கலப்புப் பொருட்கலை வருகிறது. கிழிந்த பாத்தேக் சாரோங்கின் ஒரு துண்டு, அம்மாவின் சேலைக் கரை, பழைய புகைப்படத்தின் நகல் ஆகியவற்றை அமைத்துப் பாருங்கள். இவற்றினும் நேர்த்தியானது நம் பால்மரத்தின் இலைதான். கைவினைக் கடைகளில் வெண்பட்டு வலைபோன்ற இலை நரம்புகளைக் கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அவற்றுள் பெரும்பகுதி இரப்பர் இலைகளே என்று அறிந்தபோது நமக்கு வியப்பும் சற்று வெட்கமும் உண்டாயின. காலடியில் மிதித்து நடந்ததை அங்கே விலை கொடுத்து வாங்குகின்றனர். முற்றிய இலைகளை ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள். நாற்றம் எழும், வாளியை லயனுக்குத் தொலைவில் வைப்பது அண்டை வீட்டாரின் நட்புக்கு நல்லது. சதை அழுகியபின், தட்டையான பலகைமேல் இலையை வைத்து மென்மையான பல்துலக்கியால் தட்டித் தட்டி நீக்கினால் நரம்பு மட்டும் எஞ்சும். அதைக் கழுவி, பழைய துணிகளுக்கிடையே வைத்து உலர்த்தி, நீர்த்த பசையால் அட்டைமேல் ஒட்டுங்கள்.

ஒட்டிய அட்டையை இரு பலகைகளுக்கிடையே வைத்து, மேலே ஒரு கனமான கல்லை ஏற்றிவிடுங்கள். மறுநாள் காலை வெட்டுக்குப் போகுமுன் திறந்து பார்க்க ஆசை வரும். ஆனால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கும், அட்டை கோணிவிடும். வேலை முடிந்து வந்து, குளித்து உண்டபின் மாலையில் திறக்கலாம்.