பூட்டா, பழுதா? – லேப்டாப் போர்டு சர்வீஸில் பயாஸ் பாஸ்வேர்டு

– இரண்டாமாண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு



மெமரி பற்றி வகுப்பில் படிக்கிறோம், பரீட்சையும் எழுதுகிறோம். ஆனால் சர்வீஸ் பெஞ்சில் ஒரு லேப்டாப்பை வைத்து ஸ்விட்ச் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே ஒரு சின்னப் பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்டால் நம்மில் பலருக்குக் கை ஓடுவதில்லை. "போர்டு போச்சு" என்பார் ஒருவர். "செல்லைக் கழட்டி மாட்டு, சரியாயிரும்" என்பார் இன்னொருவர். இரண்டும் பெரும்பாலும் தவறு. பூட்டு வேறு, பழுது வேறு. இதைப் பிரித்தறிந்த பிறகுதான் சால்டரிங் அயர்னைத் தொட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது?

1984-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியில் மோட்டோரோலாவின் எம்.சி.146818 என்ற சிப் இருந்தது. அதில் மொத்தம் 64 பைட். 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 பைட் செட்டிங்குகளை எழுதி வைக்க. பேட்டரி இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். பின்னால் வந்த டெஸ்க்டாப்புகளிலும் பாஸ்வேர்டை இந்த மாதிரி சீமாஸ் மெமரியில்தான் வைத்தார்கள். அதனால் செல்லைக் கழற்றினால் பாஸ்வேர்டும் போய்விடும். இந்தப் பழைய வைத்தியம்தான் இன்னும் வாய்வழியாகச் சுற்றுகிறது.

லேப்டாப் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள். ஆகவே கம்பெனிகள் பாஸ்வேர்டை மின்சாரம் போனாலும் அழியாத இடத்துக்கு மாற்றின. சில மாடல்களில் தனி ஈ.ஈ.பிராம் சிப், சிலவற்றில் பயாஸ் இருக்கும் 8 கால் ஃப்ளாஷ் சிப், சிலவற்றில் கீபோர்டு கன்ட்ரோலர். இவற்றில் செல்லைக் கழற்றினால் கடிகாரம் மட்டும் பழைய தேதிக்குப் போகும். பாஸ்வேர்டு அசையாது.

பூட்டின் வகைகள்

1. பவர்-ஆன் பாஸ்வேர்டு: ஆன் செய்ததும் கேட்கும்.
2. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு: பயாஸ் செட்டப்புக்குள் போகும்போது மட்டும் கேட்கும். வருஷக்கணக்கில் இருப்பதே தெரியாமல் இருக்கும்.
3. ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு: இது டிஸ்க்கிலேயே இருக்கிறது. போர்டையே மாற்றினாலும் போகாது.
4. பிட்லாக்கர்: இது பயாஸ் பூட்டே அல்ல, விண்டோஸின் பூட்டு. போர்டை மாற்றினாலோ பயாஸைத் திரும்ப எழுதினாலோ "இது பழைய மெஷின் இல்லை" என்று சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். கீ கிடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைல்கள் போனதுதான். எனவே வேலை தொடங்கும் முன்பே கஸ்டமரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

ஆப்பிளில் மதர்போர்டை லாஜிக் போர்டு என்பார்கள். அதன் இன்டெல் மாடல்களில் ஃபெர்ம்வேர் பாஸ்வேர்டு மறந்துபோனால், வாங்கிய ரசீதோடு கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். 2020-ல் வந்த எம்1 முதல் அந்தப் பாஸ்வேர்டே கிடையாது. 

நம் மலையில் கவனிக்க வேண்டியது

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். குளிரில் கிடந்த லேப்டாப்பை அடுப்பு எரிகிற சூட்டு அறைக்குள் கொண்டுவந்தால் போர்டில் ஈரம் கோக்கும். நாளாக நாளாக சிப் கால்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

இங்கே ஒரு முக்கியமான பாயின்ட். பாஸ்வேர்டு பெட்டி திரையில் தெளிவாக வருகிறது என்றால் புராசஸர், ராம், டிஸ்ப்ளே, பயாஸ் எல்லாம் அடிப்படையில் வேலை செய்கிறது என்று பொருள். அப்போது போர்டைச் சந்தேகிக்காதீர்கள், கீபோர்டைச் சந்தேகியுங்கள்.

சனிக்கிழமைகளில் நான் வேலை பழகும் கடைக்கு ஒரு அக்கா, அரசின் விலையில்லா மடிக்கணினியைக் கொண்டுவந்தார். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்புகள் இன்றும் எஸ்டேட் லைன்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. "நான் போட்ட பாஸ்வேர்டுதான் தம்பி, எடுக்கவே மாட்டேங்குது" என்றார். யூ.எஸ்.பி. கீபோர்டு ஒன்றைச் சொருகி அதே பாஸ்வேர்டை அடிக்கச் சொன்னோம். திறந்துவிட்டது. ஈரத்தில் இரண்டு எழுத்துகள் செத்திருந்தன, அவ்வளவுதான்.

செய்முறை வரிசை

• திரையில் வரும் வாசகத்தை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யூகத்தில் பல தடவை அடிக்காதீர்கள். மூன்று தவறுக்குப் பின் சில மாடல்கள் நின்றுவிடும்.
• வெளிக் கீபோர்டு போட்டுப் பாருங்கள். நம்பர் லாக், கேப்ஸ் லாக் கவனியுங்கள்.
• அடியில் ஒட்டிய சீரியல் நம்பரையும் செட்டப் திரையில் காட்டும் நம்பரையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் போர்டு மாற்றப்பட்டிருக்கலாம். பூட்டு அந்தப் பழைய போர்டோடு வந்ததாக இருக்கும்.
• காயின் செல் 3 வோல்ட் காட்டுகிறதா என்று மீட்டரில் பாருங்கள். களிம்பு இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள்.
• பயாஸ் கெட்டது என்று உறுதியானால் மட்டும் சிப்பைப் படியுங்கள். அது 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று டேட்டாஷீட்டில் பார்த்த பிறகே கிளிப் போடவும். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சி.ஹெச்.341ஏ போர்டுகளில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருவது உண்டு, ஜாக்கிரதை.
• இரண்டு தடவை படித்து ஒப்பிடுங்கள். எல்லாமே எஃப்.எஃப். என்று வந்தால் பெரும்பாலும் கிளிப் சரியாக உட்காரவில்லை. ஒரிஜினல் ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். வேறு மெஷினின் ஃபைலை ஏற்றினால் சீரியல் நம்பர் போன்ற சொந்த விவரங்கள் அழிந்துவிடும்.

பில் எங்கே?

எல்லாம் நன்றாக இருந்து, பூட்டு மட்டும் நிஜம் என்றால் அடுத்த கருவி மீட்டர் அல்ல, பில். எங்கள் லைனைச் சேர்ந்த ஒரு அண்ணன் தீபாவளி போனஸில் மகளுக்காக செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கியிருந்தார். விண்டோஸ் மாற்றப் போனபோதுதான் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரிந்தது. எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், "படிச்ச புள்ள, நீயே உடைச்சுக் குடு" என்றார். போர்டைத் தொடவில்லை. பில் இருக்கிறதா என்றேன், இருந்தது. விற்றவரிடம் போனில் பேசினோம். அது ஒரு ஆபீஸ் ஏலத்தில் விட்ட மெஷின். பத்து நாளில் அந்த ஆபீஸிலிருந்து பாஸ்வேர்டு வாங்கிக் கொடுத்தார்.

பில் இல்லாத மெஷினாக இருந்தால்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-பி பிரிவின்படி, திருட்டுக் கணினி என்று தெரிந்தும் வாங்கி வைத்துக்கொண்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எனக்கு என்ன, ரிப்பேர்தானே" என்று இருக்க முடியாது. யாரோ ஒருவரின் வீட்டிலும் அதே போனஸ் பணத்தில் வாங்கிய லேப்டாப் காணாமல் போயிருக்கும்.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் கடை போடுவோம். முதல் நாளே ஒரு நோட்டு வாங்கி, மாடல், சீரியல் நம்பர், பில் உண்டா, பிட்லாக்கர் கீ உண்டா என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மெஷினைத் திறக்கும் முன் அந்த நான்கையும் நிரப்புங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.