துப்பாக்கியும் அநர்த்ததண்ட விரதமும்

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் ஒன்று அநர்த்ததண்ட விரதம். தக்க பயன் ஏதுமின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைவிக்கும் செயல்களினின்று விலகி நிற்றல் என்பது அதன் பொருள். அதன் ஐந்து பிரிவுகளுள் 'ஹிம்சாதானம்' என்பது கொலைக்குரிய கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கோடரி, வாள், மண்வெட்டி, தீ, படைக்கலம், நஞ்சு, சங்கிலி முதலியவற்றை இப்பிரிவில் வைத்து எண்ணுகிறார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்ததே நம் அருங்கலச்செப்பு. ஆசாரியர் காலத்தில் துப்பாக்கி இல்லை. ஆயினும், இன்று துப்பாக்கி பற்றி உலகில் நிகழும் பெரும் வழக்கொன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள இந்த ஒரு பிரிவே துணை செய்கிறது. அவ்வழக்கினை முதலில் கண்டு, பின்னர் நம் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளுக்கு வருவோம்.

மேற்கண்ட பட்டியலில் மண்வெட்டி இருப்பதை அன்பர்கள் கவனித்திருக்கலாம். பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் உழவர் மண்வெட்டியின்றி ஒரு நாளும் வாழ இயலாது. அதை வைத்திருப்பதும், அண்டை வயற்காரருக்கு வாய்க்கால் வெட்டக் கொடுப்பதும் குற்றமாகுமா? ஆகா. 'அநர்த்தம்' என்னும் சொல்லே விடை தருகிறது. தக்க காரணத்தோடு கொடுப்பது வேறு. காரணமின்றியோ, தீய நோக்கம் அறிந்தோ கொடுப்பது வேறு. விரதத்தின் உயிர் 'தக்க காரணம்' என்பதில் இருக்கிறது.

வியப்பு யாதெனில், ஆங்கிலம் பேசும் இரு பெருநாடுகளான பிரிட்டனும் அமெரிக்காவும் பிரிந்து நிற்பதும் இந்த இடத்திலேதான். பிரிட்டனில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், துப்பாக்கி வேண்டுவோர் காவல்துறையிடம் தக்க காரணம் காட்டிச் சான்று பெறவேண்டும். தற்காப்பு என்பது நாளடைவில் அக்காரணங்களுள் ஒன்றாக ஏற்கப்படாது போயிற்று. வட அயர்லாந்து மட்டும் விலக்கு. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் பயன்படுத்தியவை உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகள். மறு ஆண்டே இரு சட்டங்களால் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறத்தாழ முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஓட்டப்பந்தயம்போல் விளையாட்டாகச் சுட்டுப் பழகியவர்களும் தம் கருவிகளை ஒப்படைத்தனர்.

அமெரிக்காவிலோ 1791இல் ஏற்ற அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் படைக்கலம் வைத்திருப்பதை மக்களின் உரிமையாக்கிற்று. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் மாண்டனர். 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்து யுவால்டியில் 19 குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் மாண்டனர். அடுத்த மாதமே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்திச் செல்வதற்குச் சிறப்பான காரணம் காட்டவேண்டும் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தைச் செல்லாது என்றது. உரிமைக்குக் காரணம் கேட்கலாகாது என்பது அவர்கள் கொள்கை. 2017ஆம் ஆண்டில் ஆய்வாளர் மதிப்பிட்டபடி, அங்கே நூறு பேருக்கு நூற்றிருபது துப்பாக்கிகள் பொதுமக்களிடம் இருந்தன. இங்கிலாந்திலும் வேல்சிலும் அவ்வெண் ஐந்துக்கும் குறைவு.

அமெரிக்கர் கூற்றை நாம் எளிதில் புறந்தள்ளுதல் ஆகாது. சமணம் ஹிம்சையை நான்காகப் பகுக்கும். அடுப்பு மூட்டுதல், வீடு பெருக்குதல் முதலியவற்றில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவிலும் பிற தொழிலிலும் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும் குடும்பத்தையும் நாட்டையும் காக்க எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதி ஹிம்சை. கொல்லவேண்டும் என்று கருதியே கொல்வது சங்கல்ப ஹிம்சை. ஊசுட்டேரிக்கு வரும் பறவையை விளையாட்டுக்காகச் சுடுதல் இவ்வகை. இல்லறத்தார் முழுமையாக விலக்கவேண்டியது நான்காவதை மட்டுமே. சிரவணபெளகுளத்தில் கோமடேசுவரர் திருவுருவை அமைத்த சாவுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர், வாளேந்தியவர். ஆகவே 'என் வீட்டைக் காக்கவே துப்பாக்கி' என்பானிடம் 'நீ சமணத்துக்குப் புறம்பானவன்' என்று நாம் சொல்ல முடியாது.

ஆனால் அவன் வாங்கிய கருவி விரோதி ஹிம்சைக்கு மட்டுமே பயன்படுகிறதா? 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், 26,328 பேர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி மேசை இழுப்பறையில் வைத்த கருவி, மனம் உடைந்த ஓர் இரவில் வீட்டில் உள்ளவர் கைக்கே கிட்டியது. வாங்கியவனுடைய கருத்து ஒன்று. கருவி சென்று சேர்ந்த கையின் கருத்து மற்றொன்று. ஆசாரியர் நஞ்சையும் வாளையும் ஒரே வரிசையில் வைத்ததன் நுட்பம் இங்கே புலனாகிறது. நம் கிராமத்து வீடுகளில் நெற்பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்துப் புட்டி கூரையிடுக்கில் செருகிக் கிடப்பதையும் இதனோடு எண்ணிப் பார்க்கவேண்டும். வேளாண்மைக்கு அது தக்க காரணம் உடையதுதான். பூட்டிவைக்காமல் போட்டுவைத்தலுக்குத் தக்க காரணம் எது?

பிரிட்டிஷார் முறையே அகிம்சை முறை என்று கொள்வதும் பிழை. 2021 ஆகஸ்டில் பிளிமத் நகரில் ஐவரைச் சுட்டுக் கொன்றவனிடமிருந்து அதற்குச் சில மாதங்களுக்கு முன் துப்பாக்கி பறிக்கப்பட்டிருந்தது. காவல்துறையே அதனைத் திரும்பக் கொடுத்தது. ஹிம்சாதானத்திற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. மேலும், தம் நாட்டில் 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ஷில்லிங் கட்டினால் எவரும் துப்பாக்கியுடன் வெளியே செல்ல இசைந்தவர்கள், 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியருக்குப் படைக்கலச் சட்டம் இயற்றினர். அதன் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன. அச்சமே அச்சட்டத்தின் தாய், கருணை அன்று.

வில்லியனூரும் பாகூரும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் அச்சட்டம் அவற்றைத் தீண்டவில்லை. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயரின் தென்னாற்காடு மாவட்டத்து ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்த நிலப்பகுதி இது. ஒரு வரப்பின் இப்புறம் ஒரு சட்டம், அப்புறம் வேறொரு சட்டம். இந்நிலையின் விளைவை 1911 ஜூன் 17 அன்று நாடு அறிந்தது. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடுவதற்குப் பயின்ற வாஞ்சிநாதன், மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று தானும் சுட்டுக்கொண்டு மாண்டான். அவன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கி.

காந்தியடிகள் இச்சட்டத்தைக் கடிந்து எழுதியது பலர்க்கு வியப்பூட்டும். சமண ஞானி ஸ்ரீமத் ராஜசந்திரரிடம் ஐயம் தீர்த்துக்கொண்ட அவர், 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்கையில் வெளியிட்ட துண்டறிக்கையில் அதனைக் கண்டித்தார். பிறர் பிடுங்கிக்கொண்டதால் வெறுங்கையனாக இருப்பவன் துறந்தவன் ஆகான் என்பது நம் ஆகமக் கருத்தும் ஆகும். விரதம் என்பது தானே அறிந்து விலகுதல், பறிபோதல் அன்று.

1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறி, 1962இல் சட்டப்படி இணைப்பும் முடிந்தது. இன்று இரு கொம்யூன்களிலும் நிலவுவது 1959ஆம் ஆண்டு இந்தியப் படைக்கலச் சட்டம். உரிமம் வேண்டுவோரிடம் அதுவும் தக்க காரணம் கேட்கிறது. இவ்வகையில் நாம் பிரிட்டன் பக்கம். தேர்தல் அறிவிக்கப்பட்டால், உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க ஆணை பிறக்கும். சினம் மிகும் காலத்தில் தக்க காரணமும் சற்று ஒதுங்கியிருக்கட்டும் என அரசே கருதுகிறது. நல்ல ஏற்பாடு.

ஆனால் இப்பகுதியில் உயிர்களைப் பறிப்பது உரிமத் துப்பாக்கியன்று. நாட்டு வெடிகுண்டும் அரிவாளும். 2023 மார்ச் 26 இரவு வில்லியனூரில், மக்கள் நடமாடும் சாலையோரத்தில், அரசியல் கட்சிப் பிரமுகர் ஒருவர் மீது நாட்டு வெடிகுண்டு வீசி, பின்னர் வெட்டிக் கொன்றனர். அவ்வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்றுக்கொண்டது. இத்தகைய குண்டுகளுக்கு எதிராக 1908ஆம் ஆண்டு முதலே வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது, தண்டனையும் கடுமையானது. சட்டம் இல்லாமையால் இக்கொலைகள் நிகழவில்லை.

குண்டை வீசுவோர் சிலரே. அவர்களுக்கு முன்னும் பின்னும் நிற்போர் பலர். 'ஓரிரவு மட்டும் இது உன் மாட்டுக் கொட்டகையில் இருக்கட்டும்' என்று நண்பன் தரும் பொட்டலத்தை வாங்கி வைப்பவர் உண்டு. எதற்கென்று கேளாமல் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பவரும், பழைய பகைக்குக் கணக்குத் தீர்க்கும்படி பணம் தருபவரும் உண்டு. பிறந்தநாளில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் இளைஞனைச் சுற்றி நின்று கைதட்டுவோரையும் இவர்களோடு சேர்த்தே எண்ணவேண்டும். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படல் என்னும் மூன்றையும் மனம், மொழி, மெய்களால் விலக்குக என்பது நம் நூல்களின் விதி. கொட்டகைக்காரன் 'நான் யாரையும் தொடவில்லை' என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். விரதத்தின்முன் அவ்வாதம் நில்லாது. பிறர் கேட்டை ஓயாது நினைத்திருக்கும் அபத்தியானமும் இவ்விரதத்தின் ஐந்தனுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு இவ்விரதத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கோடரி, வாள் என்ற பழைய பட்டியலோடு நிறுத்திவிடாமல், கொட்டகைப் பொட்டலத்தையும் இரவல் வண்டியையும் பூச்சிமருந்துப் புட்டியையும் சேர்த்துச் சொல்வார்களாக. வயலிலோ புதரிலோ அத்தகைய பொட்டலம் கண்ணில் பட்டால் அதனைத் தொடலாகாது, எடுத்து வேறிடத்தில் வைக்கவும் ஆகாது. விலகி நின்று, பிறரையும் விலக்கி, அருகில் உள்ள காவல் நிலையத்திற்கு உடனே தெரிவிக்கவேண்டும் என்பதையும் அப்பாடத்திலேயே சொல்லிவைத்தல் நலம்.