சமபந்தி

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் விளங்கும் பழம்பெரு நகரம் நியூ ஆர்லியன்சு. அது 1718-இல் பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பெற்றது. அந்நகரைக் காணச் செல்வோர் உணவருந்தத் தக்க இடங்களுள் ஒன்று, 1941-இல் தோன்றிய ‘டூக்கி சேசு’ உணவகம். இறாலும் நண்டும் இட்டுச் சோற்றோடு பரிமாறும் ‘கம்போ’ என்னும் குழம்பு அங்குப் பெயர்பெற்றது.

முற்காலத்தில் வெள்ளையரும் கறுப்பின மக்களும் ஓரிடத்தில் அமர்ந்து உண்பதை அம்மாநிலச் சட்டம் தடுத்தது. ஆயினும், கறுப்பினத்தவரான லியா சேசு அம்மையார் தண்டனைக்கு அஞ்சினாரல்லர். உரிமைப் போராட்டத் தலைவர்களை நிறவேறுபாடு கருதாது தம் உணவகத்தின் மாடியறையில் ஒருங்கே அமர்த்தி, உணவு படைத்தார். உண்டவாறே அவர்கள் அறப்போருக்கு வழிவகை ஆராய்ந்தனர்.

1964-ஆம் ஆண்டின் குடிமையுரிமைச் சட்டம் அத்தடையை நீக்கியது. அம்மையார் 2019-இல் மறைந்தார். அங்கு உண்போர் உணவின் சுவையோடு அப்பந்தியின் வரலாற்றையும் அறிந்து உண்ணுதல் தகும்.