பாகம் பிரிக்கும் முன் பாதையை ஒதுக்குங்கள்



2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 0.75 எக்டர், அதாவது ஏறத்தாழ 1.85 ஏக்கர். அடுத்த தலைமுறையில் இதுவும் பிரியும். பாகம் பிரிக்கையில் கிணற்றுக்கு முறை வைக்கிறோம். மோட்டாருக்குப் பங்கு எழுதுகிறோம். தென்னையைக்கூட எண்ணிப் பிரிக்கிறோம். பாதையை மட்டும் "நமக்குள் என்ன" என்று விட்டுவிடுகிறோம். அண்ணன் தம்பி காலத்தில் வராத வழக்கு, பிள்ளைகள் காலத்தில் வந்து நிற்கிறது.

மனைக்கு உள்ள விதி வயலுக்கு இல்லை

நிலத்தை வீட்டு மனைகளாகப் பிரித்து அனுமதி பெறுபவர், சாலைகளுக்கான இடத்தை உள்ளாட்சிக்குத் தான ஆவணம் மூலம் விலையின்றி ஒப்படைக்க வேண்டும். அந்த இடத்தை மனையாக விற்க முடியாது. வயலை வயலாகவே பாகம் பிரிக்கும்போது இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. எனவே பாதையை நாமேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. கூட்டுச் சொத்தைப் பிரித்ததால் வேறு வழியே இல்லாமல் போன பங்குக்கு, மற்றப் பங்கின் வழியே செல்லும் உரிமை உண்டு. ஆனால் அது எந்தப் பக்கமாகச் செல்ல வேண்டும் என்பதைக் குறிப்பவர், பாதை கொடுப்பவரே. அது நியாயமான வசதியுடன் இருந்தால் போதும். பின்னாளில் வேறு வழி கிடைத்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். அறுவடை இயந்திரம் போகும் அளவுக்கு அகலம் வேண்டுமா என்று வாதிடும்போது, வயலில் நெல் முற்றிச் சாய்ந்துகொண்டிருக்கும்.

ஒரு கணக்கு

இரண்டு ஏக்கர் வயல். சாலையோர முகப்பு 220 அடி, நீளம் 396 அடி. நான்கு பங்காகக் குறுக்கே பிரித்தால், முதல் பங்கு மட்டுமே சாலையைத் தொடும். கடைசிப் பங்கின் தலைமாடு வரை 297 அடி நீளத்துக்கு 15 அடி அகலப் பாதை விட்டால், செலவாகும் இடம் 10 சென்ட்டுக்குச் சற்று அதிகம். ஆளுக்கு 50 சென்ட்டுக்குப் பதில் ஏறத்தாழ 47½ சென்ட் கிடைக்கும். டிராக்டரும் டிரெய்லரும் தாராளமாகப் போகும். 14 அடி வெட்டுப் பட்டை கொண்ட அறுவடை இயந்திரமும் போகும்.

நீளவாக்கில் பிரித்தால் நான்கு பங்கும் சாலையைத் தொடும், பாதை தேவையில்லை. ஆனால் ஒவ்வொன்றும் 55 அடி அகலப் பட்டையாக நீளும். வரப்பின் மொத்த நீளம் 660 அடியிலிருந்து 1,188 அடியாகும். நிலவாட்டம் ஒத்துவந்தால் இது சிக்கனமே. ஆனால் மறுபடியும் நீளவாக்கில் இரண்டாக வகுந்தால் 27 அடிப் பட்டையில் டிராக்டர் திரும்பத் திணறும்.

முன்பங்குக்காரர் கேள்வி

"என் வயல் சாலையோரம் இருக்கிறது, நான் ஏன் இடம் விட வேண்டும்?" என்று ஒருவர் கேட்பார். இது நியாயமான கேள்விதான். அவர் பங்கிலிருந்து மட்டும் பாதையை எடுத்தால் அது அநியாயம். ஆகவே முதலில் பொதுவில் பாதையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பங்கிட வேண்டும். இழப்பு எல்லோருக்கும் சமம். சாலையோரப் பங்குக்கு விலை மதிப்பு கூடுதல் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. புலப்பட நகல் பெற்று, ஏற்கெனவே உள்ள வண்டிப்பாதை, வாய்க்கால்களைப் பாருங்கள்.

2. பங்கை அளக்கும் முன் பாதைக்கு முளை அடியுங்கள். களர் ஓரம், கல்லாங்குத்து ஓரம் இருந்தால் அந்தப் பக்கமே பாதை விடலாம். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் குழாய் பதியுங்கள்.

3. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பாதையின் நீளம், அகலம், நான்கெல்லை ஆகியவற்றை எழுதுங்கள். ஆள், மாடு, வண்டி, இயந்திரம், நிலத்தடிக் குழாய் ஆகிய அனைத்துக்கும் உரிமை உண்டு என்றும், வாரிசுகளையும் கிரயம் பெறுவோரையும் இது கட்டுப்படுத்தும் என்றும் குறிப்பிடுங்கள். வரைபடம் இணைத்துப் பதிவு செய்யுங்கள்.

4. பாதைக்குத் தனி உட்பிரிவு எண்ணும் கூட்டுப் பட்டாவும் கேட்டு விண்ணப்பியுங்கள்.

5. முன்பகுதியை விற்கும்போது, பின்வயலுக்குப் பாதை உரிமையை வைத்துக்கொண்டே கிரயம் எழுதுங்கள்.

இன்று ஆளுக்கு இரண்டரை சென்ட் விட்டால், கடைசிப் பங்கின் நெல்லும் காலத்தில் களம் சேரும். விடாவிட்டால், முன்வயல் அறுவடை முடியும்வரை பின்வயல்காரர் காத்துக் கிடக்க வேண்டும். நிலத்தை அளக்கச் சங்கிலி பிடிக்கும் நாளிலேயே, பாதையையும் அளந்துவிடுங்கள்.