எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் ஹசேபே இருந்தார்

2024 மே மாதம் ஓய்வு பெற்றபோது ஜப்பானிய நடுக்கள வீரர் மகோத்தோ ஹசேபேவுக்கு வயது 40. ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான புண்டஸ்லிகாவில் மட்டும் 384 ஆட்டங்கள். அதுவரை ஆசிய வீரர் எவரும் அங்கே அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை. ஜப்பான் அணிக்காக 114 ஆட்டங்கள், மூன்று உலகக் கோப்பைகளில் தலைமை. இத்தனைக்கும் அவர் மின்னல் வேகக்காரர் அல்லர். கோல்களைக் குவித்தவரும் அல்லர். எதிரணியின் பந்தை மறிப்பது, அருகில் இருப்பவருக்குக் கொடுப்பது, திரும்பவும் தன் இடத்துக்கு வந்து நிற்பது. இதுதான் அவர் வேலை.

அலுவலகங்களிலும் பெரும்பாலோர் இந்த வகைதான். விற்பனைப் பட்டியலின் உச்சியில் பெயர் இருக்காது. மேடையில் விருதும் கிடைக்காது. ஆனாலும் அவர்களில் சிலர் மட்டும் இருபது ஆண்டு கழித்தும் தேவைப்படுகிறவர்களாகவே இருக்கிறார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு மேலாளரும் அவர்களுக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துவிடுகிறார். அது எப்படி நடக்கிறது என்பதை ஹசேபேயின் 22 ஆண்டு வேலைக்காலத்திலிருந்து கற்கலாம்.

1. முதல் ஆண்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

ஹசேபே பிறந்தது ஷிசுவோக்கா மாநிலத்தின் ஃபுஜியேதாவில். பள்ளி முடித்த கையோடு 2002இல் உராவா ரெட்ஸ் கிளப்பில் சேர்ந்தார். முதல் ஆண்டில் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. 2004இல் ஜப்பான் லீக்கின் சிறந்த பதினொருவரில் ஒருவர். 2006இல் உராவா லீக் பட்டத்தையும், 2007இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றது.

புது வேலையில் முதல் ஆண்டு யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால், வேறு வேலை தேடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இடத்தில் கற்க ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இன்னும் ஓர் ஆண்டு கொடுக்கலாம்.

2. கணக்கில் வராத வேலை, பார்க்க வேண்டியவர் கண்ணில் படட்டும்

2008 ஜனவரியில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் கிளப்புக்குப் போனார். அடுத்த பருவத்திலேயே, ஃபெலிக்ஸ் மகாத்தின் பயிற்சியில் அந்தக் கிளப் முதல்முறையாக லீக் பட்டம் வென்றது. அந்தப் பருவம் எல்லோருக்கும் நினைவிருப்பது கிராஃபிட்டே அடித்த 28 கோல்களுக்காகவும் ஜெக்கோ அடித்த 26 கோல்களுக்காகவும்தான். அவர்கள் முன்னே ஓட, பின்னால் இடைவெளியை அடைத்தவர்களில் ஒருவர் ஹசேபே.

இத்தகைய உழைப்பை ரசிகர்கள் கவனிக்காவிட்டால் பரவாயில்லை. அணியைத் தேர்ந்தெடுப்பவர் கவனிக்க வேண்டும். உங்களால் தடுக்கப்பட்ட தவறு, உங்களால் மிச்சமான நாள், உங்களால் போகாமல் நின்ற வாடிக்கையாளர் ஆகியவற்றை மாதம் ஒருமுறை நான்கு வரியில் மேலாளருக்கு எழுதுங்கள். இது தற்பெருமை ஆகாது, வேலையின் கணக்கு.

3. மேலாளர் மாறுவார், பழையவர் திரும்பியும் வருவார்

பட்டம் வென்ற கையோடு மகாத் கிளம்பினார். அடுத்து ஆர்மின் ஃபே, பிறகு கோஸ்ட்னர், பிறகு ஸ்டீவ் மெக்லாரன், பிறகு லிட்பார்ஸ்கி. 2011 மார்ச்சில் மறுபடியும் மகாத்! இரண்டு ஆண்டுக்குள் இத்தனை மாற்றம். 2012 பருவத்தின் தொடக்கத்தில் அதே மகாத் ஹசேபேயை அணியிலேயே சேர்க்கவில்லை. அக்டோபரில் மகாத் போனார். ஹசேபே மீண்டும் களத்தில் இறங்கினார். பின்னாளில் ஹசேபே ஃபிராங்க்ஃபுர்ட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது, 2015இல் அங்கே பயிற்சியாளராக வந்தவர் யார்? அதே ஆர்மின் ஃபே.

ஒரு துறைக்குள் ஆட்கள் சுற்றிச் சுற்றித்தான் வருகிறார்கள். ஆகவே போகிறவரைப் பற்றிப் புதியவரிடம் குறை சொல்லாதீர்கள். ஒதுக்கப்பட்ட காலத்திலும் வேலைத் தரத்தை இறக்காதீர்கள். மாற்றம் வரும் நாளில் தயாராக இருப்பவருக்கே முதல் அழைப்பு வரும்.

4. அவசர வேலை வேறு, புதிய பொறுப்பு வேறு

2011 செப்டம்பரில் ஹோஃபன்ஹைமுக்கு எதிரான ஆட்டத்தில் வோல்ஃப்ஸ்பர்க் கோல்கீப்பர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மாற்று வீரர்களுக்கான வாய்ப்புகள் முன்பே தீர்ந்துவிட்டன. கையுறை மாட்டிக்கொண்டு கோல் முன் நின்றவர் ஹசேபே. ஒரு கோல் விட்டார்; அதற்காக யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. நெருக்கடியில் கைகொடுப்பது இந்த வகை. செய்யுங்கள், ஆனால் அதுவே நிரந்தர வேலையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வோல்ஃப்ஸ்பர்க்கில் அவரை அடிக்கடி வலப்பக்கத்தில் ஆடவைத்தார்கள். அவர் விரும்பியது நடுக்களம். அதற்காகவே 2013இல் நியூரம்பர்க் கிளப்புக்கு மாறினார். அங்கே முழங்காலில் காயம். 14 லீக் ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. கிளப்பும் கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. நினைத்த பதவிக்காக நிறுவனம் மாறுவது எப்போதும் பலிக்காது.

2014இல் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபுர்ட்டில் சேர்ந்தார். 2016இல் பயிற்சியாளராக வந்த நிக்கோ கோவாச், முப்பது வயதைத் தாண்டிய ஹசேபேயை மூன்று தற்காப்பாளர்களுக்கு நடுவே, லிபெரோ எனப்படும் இடத்தில் நிறுத்தினார். தற்காப்பு வரிசையின் மையத்தில் நின்று ஆட்டம் முழுவதையும் கண்முன் பார்க்கும் இடம் அது. நடுக்களத்தைப் போல ஓயாமல் ஓட வேண்டியதில்லை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டி அறிவதும், பதறாமல் அதை முன்னே அனுப்புவதும்தான் அங்கே தேவை. இரண்டும் ஹசேபேயிடம் ஏற்கெனவே இருந்தன. கால்கள் தளரத் தொடங்கும் வயதில் கண்ணுக்கும் மூளைக்கும் வேலை வைக்கும் இடம் கிடைத்தது. அவர் வேலைக்காலத்தின் இரண்டாம் பாதி இங்கேதான் பிறந்தது. 2018இல் பயர்ன் முனிக்கை 3-1 என வென்று ஃபிராங்க்ஃபுர்ட் ஜெர்மன் கோப்பையைக் கைப்பற்றியது. 30 ஆண்டுகளில் அந்தக் கிளப்புக்குக் கிடைத்த முதல் கோப்பை.

உங்களுக்குப் புதிய பொறுப்பு வரும்போது பதவிப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள்:

- என் அனுபவம் இங்கே கூடுதலாகப் பயன்படுமா?
- வயதோடு குறையும் திறனை இந்த வேலை குறைவாகக் கேட்கிறதா?
- இதைச் சரியாகச் செய்யும் ஆள் இங்கே நான் மட்டும்தானா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால், பெயர் எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம்.

5. தலைமைப் பொறுப்பு கெட்ட நேரத்தில்தான் வரும்

2010 உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தன. சொந்த மண்ணில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்று ஜப்பான் துவண்டிருந்தது. பயிற்சியாளர் ஒக்காதா, மூத்தவரான நகசவாவிடமிருந்து தலைவரின் கைப்பட்டையை எடுத்து 26 வயது ஹசேபேயிடம் கொடுத்தார். ஜப்பான் கேமரூனையும் டென்மார்க்கையும் வென்று, நாக் அவுட் சுற்றில் பராகுவேயிடம் பெனால்டியில்தான் வீழ்ந்தது. 2011இல் ஆசியக் கோப்பை. அந்தப் பட்டை 2018 வரை அவர் கையில் இருந்தது.

மூத்தவர்களைத் தாண்டி உங்களுக்குப் பொறுப்பு வந்தால், முதல் வாரத்திலேயே அவர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஆணை இடுவதற்கு முன் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

6. நீடிக்க வேண்டுமென்றால் ஒன்றை விடுங்கள்

2018 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என முன்னணியில் இருந்து 2-3 எனத் தோற்றது ஜப்பான். 34 வயது ஹசேபே தேசிய அணியிலிருந்து விலகினார். கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் அலைச்சல் ஓய்ந்தது. கிளப்பில் இன்னும் ஆறு ஆண்டுகள் ஆடினார்.

அந்த ஆண்டுகளில் ஒரு நாள்: 2022 மே 18, செவில்லா நகரில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், ஃபிராங்க்ஃபுர்ட்டுக்கு எதிரில் ரேஞ்சர்ஸ். ஹசேபே மாற்று வீரர்கள் வரிசையில் அமர்ந்திருந்தார். 57ஆம் நிமிடத்தில் ரேஞ்சர்ஸ் கோல் போட, அதே நகர்வில் தற்காப்பாளர் தூத்தாவுக்குக் காயம். உள்ளே அனுப்பப்பட்டவர் 38 வயது ஹசேபே. அதன் பிறகு எதிரணிக்கு இன்னொரு கோல் விழவில்லை. ஃபிராங்க்ஃபுர்ட் சமன் செய்து பெனால்டியில் 5-4 என வென்றது.

7. அடுத்த வேலைக்கு இந்த வேலையிலிருந்தே வழி போடுங்கள்

ஹசேபே ஜெர்மன் மொழியைக் கற்று, செய்தியாளர்களிடம் அதிலேயே பேசினார். ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2022இல், ஓய்வுக்குப் பிந்தைய பயிற்சியாளர் வேலையையும் சேர்த்து 2027 வரை கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஓய்வு பெற்ற சில மாதங்களில் ஃபிராங்க்ஃபுர்ட்டின் இளையோர் அணிப் பயிற்சிக் குழுவிலும், ஜப்பான் தேசிய அணியின் பயிற்சிக் குழுவிலும் இருந்தார்.

வேலை போன பிறகு அடுத்ததைப் பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை குறைவு. தேவைப்படுகிறவராக இருக்கும்போதே பேசுங்கள்.

இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கி இரண்டு பட்டியல் போடுங்கள். ஐந்து ஆண்டில் உங்களிடம் குறையப்போகும் திறன்கள் ஒரு பக்கம், கூடப்போகும் திறன்கள் மறுபக்கம். கூடப்போகும் திறன்களைக் கேட்கும் வேலை உங்கள் நிறுவனத்தில் எது என்று தேடுங்கள். அதை யாராவது உங்களுக்குக் கொடுப்பார்கள் என்று காத்திருக்காமல், நீங்களே போய்க் கேளுங்கள்.